மடை மூக்கு

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எதிர்க்காத்து ஆகாது, மூக்கு கெட்டுப்போகும். ஆமா, மதுரைக்குத்தான். மூக்கு டாக்டர்கிட்ட. சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எம் மூக்குல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதி வாங்கத்தான் போறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தச் சர்ட்டிபிகேட்ட எங்க ஊர்க் கண்மாய்க் கரையில கொண்டுபோய் நீட்டணும். நீட்டலேன்னா எனக்குப் பதிலா எம் பொண்டாட்டி சத்தியம் பண்ணிப்புடுவா.

என்ன தம்பி, உக்காந்ததும் சன்னலத் தெறக்குறீங்க? சரி, தெறங்க. புழுக்கமாத்தான் இருக்கு.

நமக்கு மேலக்கல்மடை. கம்பம் பக்கம். மேக்க மலை, கெழக்க கண்மாய், நடுவுல பூராம் திராட்சைப் பந்தல். மனுசன் எங்க இருக்கான்னு கேட்டா பந்தலுக்கு அடியில இருக்கான். கல்லுக்கால் ஊண்டி, கம்பி கட்டி, கொடி ஏத்தி, ஊரே ஒரு பச்சைக் கூரை தம்பி. எங்க தாத்தன் காலத்துல குட்டைக் கல்லாப் பாத்து ஊண்டிப்புட்டாங்க. அதனால எங்க ஊர்ல எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சுதான் நடப்போம். வெளியூருக்குப் போனாலும் நிமிர வராது. இப்பக்கூட பஸ்ஸுக்குள்ள குனிஞ்சுக்கிட்டே வந்தேன்ல, பாத்திருப்பீங்க. கண்டக்டர் காசு எதுவும் கீழ விழுந்துருச்சான்னு கேட்டாரு.

வருசத்துக்கு ரெண்டு வெட்டு. கொடியக் கழிச்சுக் கவாத்து பண்ணி நூத்திப் பத்து நாளுல பழம் கருத்துரும். வெட்டு முடிஞ்சாத்தான் கல்யாணம், காதுகுத்து எல்லாம். கேரளா லாரி வந்தா எங்க ஊரு சிரிக்கும். வரலேன்னா ஆடு சிரிக்கும். அம்புட்டுப் பழமும் அதுகளுக்குத்தான். எங்க ஊரு ஆட்டுப் புழுக்கைகூட இனிக்கும்னு பக்கத்து ஊர்க்காரன் கேலி பேசுவான். பேசட்டும். அவனுக்குக் கண்மாய் இல்ல.

எங்களுக்கு எல்லாமே அந்தக் கண்மாய்தான். பங்குனியிலயும் முக்கால் கண்மாய் நிக்கும். மடை ஒண்ணு. பந்தலுக்குப் பந்தல் முறை வச்சுத் தண்ணி. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா உங்க முறை வரும். அந்த முறைக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட வந்து ஊதணும்.

சிரிக்காதீங்க தம்பி. அதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

எங்க தாத்தனுக்குத் தாத்தன் கருத்தாண்டி. அவருதான் அன்னைக்கு மடைக்காரரு. அப்பக் கரை மேல ஒரு சாராயக்கடை இருந்திருக்கு. ஒரு நாள் பட்டப்பகல்ல அங்க குடிச்சுப்புட்டு வந்து கண்மாயப் பாத்திருக்காரு. தண்ணி நெறஞ்சு தளும்புது. பாத்ததும் இவருக்குக் கண்ணீர் வந்துருச்சு. "ஆத்தா, ஒனக்கு மூச்சு முட்டுதே"ன்னு சொல்லிக்கிட்டே மடைய முழுசாத் தெறந்து விட்டாரு. மடை அடைக்கிற கட்டைய எங்கிட்டோ ஒளிச்சு வச்சுட்டுப் படுத்துட்டாரு. மூணு நாளு தூங்கியிருக்காரு. கட்டை எங்க இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், அவர யாராலயும் எழுப்ப முடியல. அவரா எந்திரிச்சுப் பாக்கையில கண்மாய்க்குள்ள கொக்குதான் நின்னுச்சு. அந்த வருசம் ஊரே புளியங்கொட்டையத் தின்னுச்சு.

ஆனா ஒண்ணு தம்பி, அவரு கெட்ட எண்ணத்துல தெறக்கல. இரக்கத்துல தெறந்தாரு. அத யாரும் பேச மாட்டாங்க. எங்கள இன்னைக்கும் "தெறந்துவிட்டான் வீட்டுக்காரங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

அன்னைக்குப் போட்டாங்க ஊர்க்கட்டு. குடிக்கிறவனுக்குக் கண்மாய்த் தண்ணி கெடையாது. குடிச்சிருக்கானா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது யாரு? தெறந்துவிட்ட வீட்டுக்காரன்தான். பாவம் பண்ண வீடு மூக்கால கழிக்கட்டும்னுட்டாங்க. அன்னையிலிருந்து எங்க வீட்டு ஆம்பளை மடையில உக்காந்து ஒவ்வொருத்தன் வாயா மோந்து பாக்கணும். அவன் காலக் கழுவிட்டு, கண்மாயப் பாத்து நின்னு, "ஹா"ன்னு ஊதுவான். நான் கண்ண மூடி மோந்து பாத்துக் கைய ஒசத்துனா தவசி மடையத் தெறப்பான். தவசிதான் இப்ப மடைக்காரன். நான் ஒசத்தலேன்னா அந்த முறை போச்சு, இன்னும் பன்னெண்டு நாள் காத்துக் கெடக்கணும்.

முப்பது வருசம் தம்பி! நேத்து எந்த வீட்டுல கருவாடு, எந்த வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டையில அடுப்பே பத்தவைக்கல, எல்லாம் எம் மூக்குக்குத் தெரியும். பொண்ணு பாக்க வர்றவங்க எங்கிட்டதான் மொதல்ல வந்து கேப்பாங்க, மாப்பிள்ளை வாய் எப்படின்னு. சுருளியாண்டி கை ஒசத்துனா கல்யாணம். பேரு சொல்லல பாருங்க, சுருளியாண்டி நாந்தான்.

மூக்குக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. மூக்கு மேல எவனாச்சும் பொய்க் குத்தம் சொன்னா அவனுக்கு மூணு முறை தண்ணி கெடையாது. அதே மாதிரி மூக்குக்காரனே குடிச்சா அவன் பந்தலுக்கு ஒரு வருசம் கெடையாது. என்னோட முறை வர்றப்ப எனக்கு வாய் பாக்கிறது தவசி. அவன் பொடி போட்டுப் போட்டு மூக்குன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டான். அது வேற விசயம்.

கொஞ்சம் இருங்க, தொண்டை காயுது. இந்தப் பேப்பர் சுத்துன பாட்டில்ல கசாயம். ரெண்டு முழுங்கு... ஆங்.

போன வருசம் கண்மாய்க்கு அக்கரையில ஒயின் கம்பெனி வந்துச்சு. ஊர்ப் பழம் அம்புட்டையும் எடுத்துக்கிறோம்னாங்க. ஊரு கூடிருச்சு. குடிக்காத ஊரு ஒயினுக்குப் பழம் குடுக்கலாமான்னு மூணு நாள் பேச்சு. கடைசியில ஊர்த்தலைவர் பவுன்ராஜ் எந்திரிச்சு, "ஏப்பா, வேலியில அரளி வச்சிருக்கவன் எல்லாம் அரளி தின்னவனா?"ன்னாரு. வெளைய வைக்கிறது வேற, குடிக்கிறது வேறன்னு முடிவாச்சு.

கம்பெனிக்கு மேனேஜர் ஜெயசீலன் சார். கோயமுத்தூர்க்காரரு. எம் மூக்கப் பத்திக் கேள்விப்பட்டு வந்து, ஆறு கிண்ணத்துல பழச்சாறு வச்சு மோந்து பாக்கச் சொன்னாரு. "இது தவசி பந்தல், ஆட்டு உரம். இது பவுன்ராஜ் பந்தல், யூரியா. இது எங்க பந்தல். இது யாருதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா சண்டை வரும், அடுத்தவன் பந்தல்ல திருடுன பழம்"னேன். அந்த மனுசன் எழுந்து நின்னு கை குடுத்துட்டாரு. வெளிநாட்டுல இப்படிப்பட்ட மூக்குக்கு இன்சூரன்ஸே இருக்காம். எந்தப் பீப்பாய் பழுத்துருச்சு, எது இன்னும் கெடக்கணும்னு நீங்கதான் சொல்லணும், தெனமும் ருசி பாக்க வாங்கன்னு கூப்பிட்டாரு.

ருசின்னா வாயில ஊத்தணும்ல? மறுபடி ஊரு கூடுச்சு. ஜெயசீலன் சார் வந்து வெளக்குனாரு. வாயில வச்சு, சுழட்டி, துப்பிறணும், அதுதான் தொழில், முழுங்குறவனுக்கு அங்க வேலை கெடையாதுன்னாரு. அப்பத் தவசி கேட்டான், "வாய் எது வரைக்கும், வயிறு எங்க இருந்து?" நல்ல கேள்விதான் தம்பி. பேசிப் பேசி, தொண்டைக்குழியில மஞ்சக்கயிறு ஒண்ணு கட்டுறதுன்னு தீர்ப்பாச்சு. கயித்துக்கு மேல நின்னா ருசி, கயித்துக்குக் கீழ எறங்குனா குடி. துப்புன பெறகு கண்மாய்த் தண்ணியில பன்னெண்டு தடவை கொப்பளிக்கணும். கொப்பளிச்சா வாடை நிக்காதுன்னு சார் கையெழுத்தே போட்டுக் குடுத்தாரு.

எம் பொண்டாட்டி காமுத்தாய்க்கு அந்தக் கயிறு புடிக்கவே இல்ல. "கயிறு கட்டுனா அடங்குற ஆளா இவரு? எனக்குக் கட்டுன கயிறே முப்பத்தஞ்சு வருசமா எம் பேச்சக் கேக்க வைக்கல"ன்னா. கூட்டமே சிரிச்சுச்சு. எனக்கு அவமானமாப் போச்சு. ஆனா பொய் சொல்லத் தெரியாதவ தம்பி. விருந்துக்குப் போன வீட்டுல சாம்பார்ல உப்புக் கம்மின்னா கம்மின்னே சொல்லிப்புடுவா. அவள எந்த விசேசத்துக்கும் கூட்டிட்டுப் போறதே ரோதனை.

சரின்னு ஆரம்பிச்சோம். காலையில பத்து மணிக்குக் கம்பெனியில ருசி, பதினொண்ணரைக்கு மடையில மூக்கு. தவசிதான் கம்பெனிக்குச் சாட்சியா வருவான். இருமல் மருந்து பாட்டில் மூடியால அளந்து ஆறு மூடி வாயில ஊத்துவான். நான் சொம்புல துப்புனதும் அதையும் அளப்பான். மொத நாள் ஆறு மூடி போயி ஏழு மூடி வந்துச்சு. எச்சியும் சேந்துச்சுல்ல! ஊரே சந்தோசப்பட்டுச்சு. சுருளியாண்டி வாய்க்குள்ள ஊத்து இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்க.

ஒரு மாசம் போச்சு, ஆறு போனா அஞ்சு வந்துச்சு. பெறகு மூணு. மாசி கடைசியில ஆறு போயி ஒண்ணு வந்துச்சு. தவசி மூடியக் கவுத்துப் பாக்குறான், என்னையப் பாக்குறான். வெயிலு தம்பி! மாசி வெயில்ல கண்மாயே வத்துது, மனுசன் எச்சி வத்தாதா? அதுவுமில்லாம எந் தொண்டை கொஞ்சம் சரிவு. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். துப்பணும்னுதான் நெனைப்பேன், அதுவாக் கொஞ்சம் எறங்கிரும். நான் முழுங்குனேன்னா அது குடி. அதுவாப் போனதுக்கு நான் என்ன செய்ய முடியும்? கயித்த அவுத்துப் பாருங்கன்னேன், கயிறு நனையவே இல்ல.

எந்த இடத்துல விட்டேன்? ஆங், மனசு. அந்த ரெண்டு மாசமும் எம் மனசு அம்புட்டு லேசா இருந்துச்சு. கம்பெனியில இருந்து கரை மேல நடந்து வருவேன். கொக்குக்கெல்லாம் ஒரு வணக்கம் போடுவேன். கரை லேசா ஆடும், பழைய கரைல்ல. ஒரு நாளு தண்ணியப் பாத்து எனக்கே அழுகை வந்துருச்சு, "ஆத்தா, ஒனக்கு மூச்சு முட்டலையே?"ன்னு கேட்டேன். தவசி ஓடி வந்து மடைக்கட்டையத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டான். ஏன்னு தெரியல.

மாசி பொறந்ததில இருந்து எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. பங்குனியில அது உறுதியாயிருச்சு. மொதல்ல மாட்டுனது பவுன்ராஜ். ஊர்த்தலைவர்! கால் கழுவி, கண்மாயப் பாத்து ஊதுறாரு, கும்முன்னு ஒயின் வாடை. நான் கைய ஒசத்தல. அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாரு. எனக்கு நெஞ்சே ஆறல. அடுத்து வந்தவனும் அதே வாடை. அதுக்கு அடுத்தவனும். பள்ளிக்கூட வாத்தியார் வந்தாரு, அவரும். மடைக்கருப்பு கோயில் பூசாரி வந்தாரு, அவரும்! நான் பக்கத்துல போகப் போக எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சுப் பின்னால போறாங்க தம்பி. களவாணி முழி. கண்ணுக்கு நேரா என்னையப் பாக்கிறதுக்கு ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்ல. பாருங்க, நீங்க நேரா பாக்குறீங்க... இல்ல, வெளிய பாக்குறீங்க. சரி, பாருங்க.

பத்து நாள் ஒருத்தனுக்கும் தண்ணி விடல. ஊருல பந்தல் எல்லாம் தொவண்டு போச்சு. இன்னும் ஒரு மாசத்துல வெட்டு, பழம் கொடியிலயே சுருங்குது. ஊரே குடிகார ஊராப் போச்சேன்னு நான் சோறு திங்காம அழுதேன். ஒரு நாள் வாத்தியார் கைக்கொழந்தையக் கொண்டுவந்தாரு. ஆறு மாசம். "இதையும் பாருங்கண்ணே"ன்னாரு. பாத்தேன். தம்பி, அந்தப் பச்சைப்புள்ள வாயிலயும் ஒயின்! தாய்ப்பாலோட குடுக்குறாங்க போலருக்குன்னு நெனைச்சேன். தவசியோட எருமையக் கூட்டியாரச் சொன்னேன். எருமையும் குடிச்சிருக்கு.

அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னுச்சு. இம்புட்டுப் பேரும் எருமையும் சேந்து குடிக்க எங்க போவாங்க? குப்புறப் படுத்துக் கண்மாய்த் தண்ணிய மோந்து பாத்தேன். ஒயின் வாடை! கண்மாயே ஒயினா மாறிருச்சு. கம்பெனியில இருந்து கசியுது. அதத்தான் ஊரு பூராம் தெரியாமக் குடிக்குது. ஓடிப்போய் ஜெயசீலன் சார்கிட்டச் சொன்னேன். அவரு "கண்மாய் முழுக்க ஒயின்னா நான் எதுக்குங்க உங்ககிட்டப் பழம் வாங்குறேன்?"ன்னாரு. படிச்சவரு, பேச்ச மாத்துறாரு.

ஒரு முழுங்கு தம்பி. பேசுனா வறளுது. பழக்கத்துக்கு ஜெயசீலன் சாரே குடுத்து விடுறதுதான். இல்ல இல்ல, கசாயம்தான். அவரு குடுக்குற கசாயம்.

கரையில ஊரு கூடுச்சு. தலைக்கட்டுக்கு ஒருத்தர் வந்துட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னு, கண்மாய் கெட்டுப்போச்சு, சத்தியம் பண்ற தண்ணியே சாராயமாயிருச்சு, இந்த ஊருல யோக்கியன்னு மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்னு சொன்னேன். ஒருத்தன் பேசணுமே! எல்லாரும் கீழ பாக்குறான். பேசுனா மூக்கு மேல பொய்க் குத்தம்பாங்க, மூணு முறைத் தண்ணி போகும்ல. அங்க ஒரு பந்தல் மூணு முறை தாங்காது. பவுன்ராஜ் தொண்டையச் செருமுறாரு.

அப்பக் கஞ்சித் தூக்கோட காமுத்தாய் வந்தா. கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னு, "சட்டம் அந்த வீட்டு மூக்குன்னுதான சொல்லுது? நானும் அந்த வீடுதான். நான் இவரு வாயப் பாக்குறேன்"னா. பவுன்ராஜ் அப்படியே உயிர் வந்த மாதிரி, "பாரும்மா, பாரும்மா"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு. பாத்துக்க! காலக் கழுவுனேன், கண்மாயப் பாத்து நின்னேன். அவ எதுக்க வந்து நின்னா. முப்பத்தஞ்சு வருசத்துல அவ அம்புட்டுக் கிட்டத்துல எம் மூஞ்சிய நேராப் பாத்து நான் பாத்ததில்ல. நல்லா வயித்துல இருந்து இழுத்து ஊதுனேன்.

அவ கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு. ஒரு தடவை எங்க பந்தலத் திரும்பிப் பாத்தா. எங்க பந்தலு இந்த வருசம் மாதிரி என்னைக்கும் காச்சதில்ல தம்பி, கம்பி தாங்கல. ஒரு தடவை கண்மாயப் பாத்தா. பெறகு என்னையப் பாத்தா. "ஒண்ணும் இல்ல. வேப்பங்குச்சி வாடைதான்"னு சொன்னா.

தவசி கையில இருந்து பொடி டப்பா கீழ விழுந்துச்சு.

நான் மார நிமித்திக்கிட்டு, "கேட்டுக்கிட்டீங்களா?"ன்னேன். ஆனா ஊருன்னா ஊருதான தம்பி. அதையும் திருப்பிட்டாங்க. வாய் சுத்தமா இருக்கு, ஆனா எருமை வாயிலகூட ஒயின் அடிக்குதுங்குறாரு, அப்பச் சுருளியாண்டிக்கு மூக்குல சீக்குன்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. மூக்கு குணமாகுற வரைக்கும் காமுத்தாய் மடையில உக்காரட்டும்னாங்க. அவ உக்காந்தா. ஒரே நாளுல ஊருல அத்தனை பேருக்கும் கைய ஒசத்துனா. மறுநாளு எங்க பந்தலுக்கும் தண்ணி வந்துச்சு. பழமெல்லாம் திரும்பக் கண்ணு முழிச்ச மாதிரி ஆயிருச்சு. இன்னும் இருவது நாளுல வெட்டு.

ஆனா பதவி வந்தா மனுசர் மாறிருவாங்க போல. அன்னையிலிருந்து அவ எங்கூடச் சரியாப் பேசுறதில்ல. சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. விடிஞ்சதும் மடைக்கருப்பு கோயில்ல போய் நிக்கிறா. "ஏன்டி, மூக்குக்காரி ஆனதும் கெரகம் ஏறிருச்சா?"ன்னு கேட்டேன். உள்ள போயிட்டா.

இன்னைக்குப் பங்குனி கடைசில்ல? எங்க ஊருல இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூக்கு உக்காந்தவங்க சத்தியம் பண்ணணும். கண்மாய்க்குள்ள முழங்கால் தண்ணியில எறங்கி, ரெண்டு கையாலயும் அள்ளி, "நான் மோந்தது மெய், சொன்னது மெய், பொய்யின்னா இந்தத் தண்ணி எந் தொண்டையில நிக்கட்டும்"னு சொல்லிக் குடிக்கணும். எங்க தாத்தனோட தம்பி ஒருத்தரு கூட்டாளிக்காகப் பொய்யாச் சொல்லிப்புட்டாரு. கரை ஏறுறதுக்குள்ள விக்கல் புடிச்சுச்சு. பதினாறு நாள் நிக்காம விக்கி, பதினேழாம் நாள் போய்ச் சேந்துட்டாரு. பாடையில போறப்பவும் விக்குனாருன்னு சொல்லுவாங்க, அத நான் நம்பல. மிச்சம் எல்லாம் உண்மை.

அந்தச் சத்தியத்த முப்பது வருசமா நான் பண்ணுனேன். இந்த வருசமும் நாந்தான் பண்ணணும். அதுக்குத்தான் சர்ட்டிபிகேட்டு. மூக்கு நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிட்டா, நான் மோந்தது மெய்யின்னு ஆயிரும், ஊர்க்காரன் எல்லாம் குடிகாரன்னு ஆயிரும். காலையில கெளம்புறப்ப அவகிட்டச் சொன்னேன், சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "வராதீங்க. மதுரையிலேயே யாரு வீட்டுலயாச்சும் தங்கிட்டு நாளைக்கு வாங்க. நான் பண்றத நீங்க பாக்க வேணாம்"னா. பாருங்க தம்பி, அந்தச் சத்தியம் பண்ற மரியாதைய அவளே வாங்கிக்கணுமாம்!

சரி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. டாக்டர் எப்படியும் வாயையும் பாப்பாரு. நீங்க படிச்ச புள்ள, பொதுவான ஆளு, எங்க கண்மாய்த் தண்ணி குடிக்காதவரு. உங்ககிட்ட ஒரு தடவை ஊதிக் காட்டுறேன். இல்ல இல்ல, சும்மா இருங்க, ஒரே ஒரு தடவை. கண்ண மூடாதீங்க. இந்தா... ஹா!

சொல்லுங்க. என்ன வாடை?

தம்பி? என்ன தம்பி, உங்க கண்ணு ஏன் கலங்குது?

இல்ல, தொடைக்காதீங்க. என்னைய நேராப் பாருங்க. இப்படித்தான்... இதே மாதிரித்தான் அவ கண்ணும் கலங்குச்சு. நான் கண்மாய்க் காத்துன்னு நெனைச்சேன். இங்க ஏது கண்மாய்? சன்னலு தெறந்து கெடக்கு, வெளிக்காத்து உங்க பக்கம் இருந்துதான் என் பக்கம் அடிக்குது.

அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

உப்புக் கம்மின்னா கம்மிங்குறவ தம்பி. ஊரு முன்னாடி நின்னு வேப்பங்குச்சின்னு சொல்லியிருக்கா. பந்தலப் பாத்தாளே, கண்மாயப் பாத்தாளே, என்னையப் பாத்தாளே... இந்தப் பதினோரு நாளா ஒரு வாய் சோறு எறங்கலையே அவளுக்கு. நான் கெரகம் புடிச்சவன், பதவின்னு கேலி பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். சாயங்காலம் அவ தண்ணியில எறங்கி, கையில அள்ளி... அய்யோ.

மணி என்ன? பத்தே காலா? இது ஆண்டிபட்டி தான? கண்டக்டர், நிறுத்துங்க! மதுரை டிக்கெட்டுத்தான், இருக்கட்டும், நான் இங்கனயே எறங்குறேன். எதுக்க வர்ற கம்பம் வண்டியப் புடிச்சாப் பொழுதோட போயிரலாம்.

போய் என்னத்தச் சொல்லுவேனா? நாந்தான் குடிச்சேன்னு சொல்லுவேன். அதுவா எறங்கல, நான் முழுங்குனேன்னு சொல்லுவேன். ஒரு வருசம் தண்ணி கெடையாதும்பாங்க. பழம் இருவது நாள் தாங்காது, கொடியிலயே காஞ்சிரும். காயட்டும் தம்பி. கொடி காஞ்சா வெட்டி விட்டுத் தழைய வச்சுக்கலாம். அவளுக்கு ஒரு விக்கல் வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

நகருங்க தம்பி... நீங்க ஏன் நகரணும், நாந்தான் வெளிப்பக்கம் உக்காந்திருக்கேன். இந்தப் பாட்டில நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இனி வேணாம். சன்னல் வழியா எறிஞ்சிருங்க.

இல்ல, இருங்க. குடுங்க இங்க. முப்பது வருசமாப் பொய்யே சொல்லாதவன் நான், போய் நின்னு குடிச்சேன்னு சொன்னா ஊருல ஒருத்தனும் நம்ப மாட்டான். சாட்சிக்கு இது வேணும்.